லாகின் பக்கத்தை மாற்றியதால் நின்றுபோன தினசரி அறிக்கை – புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். ஆறு வருடமாகத் திருப்பூரிலிருந்து உங்கள் கூரியரில் பனியன் பார்சல் போடுகிறோம். தினமும் ராத்திரி 11 மணிக்கு எங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன புரோகிராம்) உங்கள் தளத்தில் லாகின் செய்து, சிஓடி (பார்சலைக் கொடுக்கும்போது வாங்கும் பணம்) வசூல் விவரத்தை, எக்செலில் திறக்கிற சிஎஸ்வி ஃபைலாக இறக்கி வைக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டை போஸ்ட் செய்வது, லாகின் ஆனதற்கு அடையாளமாக வருகிற குக்கீயை வைத்துக்கொண்டு அதே செஷனில் அறிக்கையைக் கேட்பது எல்லாம் நீங்கள் கொடுத்த கையேட்டில் உள்ள வழிதான். திருட்டுத்தனமாக நுழையவில்லை.

போன மாதம் லாகின் பக்கத்தை மாற்றினீர்கள். ஒரு மெயில் கூட இல்லை. ஃபார்முக்குள் மறைத்து வைத்த டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். சரி, பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் லாகின் ஆகவில்லை என்றால் 401, 403 என்று ஏதாவது பிழை எண் சொல்ல வேண்டாமா? 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்று சொல்லி லாகின் பக்கத்தையே திருப்பி அனுப்பினால் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? பதினோரு நாள் அதையே சிஎஸ்வி என்று சேமித்தது. எங்கள் கணக்குப்பிள்ளை எக்செலில் திறந்தால் ஏடபிள்யூபி நம்பர் (பார்சல் எண்) இருக்க வேண்டிய இடத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று இருக்கிறது.

போன் செய்தால் பிரவுசர் கேச் க்ளியர் பண்ணச் சொல்கிறார்கள். ஸ்கிரிப்டில் எங்கே போய் க்ளியர் பண்ண? செவ்வாய்க்கிழமை பேசியவர் இன்னும் மேல். “ரோபோவுக்கெல்லாம் சப்போர்ட் கிடையாது சார், மனுஷனா லாகின் பண்ணுங்க” என்றார். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னவரும் இவரே.

அதற்கு முந்தின வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவை அலுவலகத்துக்கே வந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் அவர்கள் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, “வேலை செய்யுதே சார்” என்று அனுப்பிவிட்டார்கள். என் லேப்டாப்பை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடையில் லோடு போகவில்லை. இந்த ஒரு மாதத்தில் எங்கள் வியாபாரமே படுத்துவிட்டது.

தயவுசெய்து ஒரு ஏபிஐ கீ (ஸ்கிரிப்ட் நேரடியாக விவரம் கேட்பதற்கான சாவி) தாருங்கள். முடியாதென்றால் புதிய லாகின் முறையை எழுத்தில் தாருங்கள், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பார்சலையும் வேறு இடத்தில் போட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் திருப்பூர் வாடிக்கையாளர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தது. யார் தீர்த்தது?