கோஎன்ஜிக்குக் கடை பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அங்கே நீயும் உன் தோழி மிகாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டோக்கியோவின் பழைய துணிக் கடைகளில் பார்த்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, லோலிட்டா என்ற ஃப்ரில் லேஸ் பாணியில் தைத்த இரண்டு கவுன்களின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் கைப்பேசியை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். கோஎன்ஜியில் பார்த்த பழுப்பு நிறக் கவுனை வாங்கு. ஹராஜுகுவில் பார்த்த இளஞ்சிவப்புக் கவுனை விட்டுவிடு. மிகாவுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்காது என்று தெரியும், ஆகவே காரணங்களை அவளுக்கும் எடுத்துச் சொல்.

அதற்கு முன் ஒன்று. உன் பெரிய அத்தை அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை படிக்கப் போயிருக்கிறாளா, நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளா என்று கேட்டாள். கழுத்து வரை மூடி, முழங்காலைத் தாண்டி இறங்கி, உள்ளே பெட்டிகோட்டும் காலுறையும் போட்டுக்கொள்ளும் உடுப்பில் அவளுக்கு என்ன குறை தெரிந்ததோ, எனக்கு விளங்கவில்லை. ஜப்பானிய வெளியுறவு அமைச்சகமே 2009-இல் மூன்று பெண்களை இந்த மாதிரி உடுப்புகளுக்குத் தூதர்களாக நியமித்தது என்றும், அவர்களில் லோலிட்டா உடைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிசாகோ ஆவோகி தொழிலால் ஒரு செவிலியர் என்றும் சொன்னேன். செவிலியர் என்றதும் அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு இந்த உடுப்பு அந்நியமாகப் படவே இல்லை. புதுமண்டபத்தில் தூணுக்குப் பக்கத்தில் மிஷின் போட்டிருந்த காலத்தில், தேவாலயத்தில் புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு எத்தனையோ வெள்ளைக் கவுன்கள் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பஃப் கை, மூன்று அடுக்கு ஃப்ரில், கழுத்தைச் சுற்றி லேஸ், பின்னால் கட்டுவதற்கு அகலமான பட்டி என்று அதே வேலைதான், வளர்ந்த பெண்ணின் அளவில். ஒரு மீட்டர் ஃப்ரில் நிற்க இரண்டு மீட்டருக்குக் குறையாமல் துணியைச் சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கம் ஒரே சீராக விழுந்திருக்கிறதா, ஓர் இடத்தில் அப்பி இன்னோர் இடத்தில் வழித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாலே தைத்தவரின் கை தெரிந்துவிடும்.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது, சனி ஞாயிறுகளில் வேக ரயில் கோஎன்ஜியில் நிற்காது என்று சொல்லி மிகா நம்மை மஞ்சள் பட்டை போட்ட சோபு ரயிலில் ஏற்றியது நினைவிருக்கிறதா? பாரு (PAL) என்ற கூரை போட்ட கடைவீதியைக் கடந்து உள் தெருக்களில் நுழைந்ததும், வாசலுக்கு வாசல் பழைய துணி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய துணி என்றால் பாத்திரக்காரியிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கொள்வது என்றுதான் எனக்குப் பழக்கம். முகம் தெரியாதவர் உடுத்தியதை விலை கொடுத்து வாங்குவதற்கு உன் அம்மா கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கடைகளில் ஒன்றில், நீ போட்டுப் பார்க்கப் போனபோது, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, மெல்லிய வெள்ளை உறை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தலையோடு மாட்டிக்கொண்டுதான் கவுனைத் தலைவழியாகப் போட வேண்டும், முகப்பூச்சு துணியில் படாதிருக்க. மறுபடி விற்கப்போகும் துணியை அவ்வளவு மதிக்கிற இடத்தில் அம்மா முகம் சுளிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல தையல் எப்படிப் பழைய துணிக் கடைக்கு வந்து சேர்கிறது என்பதை நான் பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹராஜுகுவில் ஹிதோமி ஓகாவா மில்க் என்ற உடுப்புக் கடையைத் தொடங்கியது 1970-இல். லாஃபோரே என்ற கடைக் கட்டடம் திறந்தது 1978-இல். இசோபே தம்பதி பேபி த ஸ்டார்ஸ் ஷைன் ப்ரைட் என்ற லோலிட்டா உடுப்புக் கம்பெனியைத் தொடங்கியது 1988-இல். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திச் சாலையை நடப்பவர்களுக்கு விட்டிருந்தார்கள், பிள்ளைகள் உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள், 1998-இல் அந்த வழக்கம் நின்றது. தெருவில் நின்ற பிள்ளைகளைப் படம் பிடித்து ஷோயிச்சி ஆவோகி 1997 முதல் நடத்திய ஃப்ரூட்ஸ் இதழை, படம் எடுக்கத் தக்கபடி உடுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி 2017-இல் அவரே நிறுத்தினார். கெரா இதழும் அதே ஆண்டில் அச்சை நிறுத்தியது. இதழ்கள் நின்றாலும் துணி எங்கே போகும்? இந்தக் கம்பெனிகள் ஓர் அச்சுத் துணியில் கொஞ்சம்தான் தைப்பார்கள், பலவற்றைத் திரும்பத் தைப்பதே இல்லை. வாங்கிய பெண்கள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, சின்ன வீட்டில் அலமாரிக்கு இடமில்லாமல் விற்கிறார்கள். அதனால்தான் சில அச்சுகள் புதிதில் விற்ற விலையைவிடப் பழையதில் கூடுதலாக விற்கின்றன, சில தவறான கடைக்குப் போய்ச் சேர்ந்து கூறு விலைக்குக் கிடக்கின்றன. க்ளோசெட் சைல்ட் போல இந்த உடுப்பையே விற்கும் கடைக்காரருக்கு ஒவ்வோர் அச்சின் மதிப்பும் தெரியும். கோஎன்ஜியில் அமெரிக்கச் சட்டைகளுக்கு நடுவே இதைத் தொங்கவிட்டவருக்கு அது ஒரு பழுப்புக் கவுன், அவ்வளவுதான்.

இனி உன் பழுப்புக் கவுன். நான் கேட்டபடி அதை உள்பக்கம் திருப்பிப் படம் எடுத்து அனுப்பினாய், அதுதான் சரியான படம். துணிச்சீட்டில் பருத்தி 100 சதவீதம் என்று இருப்பதாகப் படித்துச் சொன்னாய். அதற்குக் கீழே சலவைக் குறிகள் இருக்கின்றன, அவற்றில் இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குள் எழுத்து இருக்கிறது. ஜப்பானில் சலவைக் குறிகளை உலக முறைக்கு மாற்றியது 2016 டிசம்பரில். மாற்றிய பிறகு இஸ்திரிப் பெட்டிக்குள் புள்ளிகள்தான் வரும். எனவே இந்தக் கவுன் அதற்கு முன்னால் தைத்தது, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் துணி வெளிச்சத்தில் ஓட்டையில்லாமல், அச்சு மங்காமல் இருக்கிறது. இனி எங்கே போனாலும் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் அந்தப் பெட்டியைப் பார்.

அதற்கு மூன்று குறை சொல்லி விலையைக் குறைத்திருக்கிறார்கள். கீழ் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு லேஸ் பிரிந்திருக்கிறது. இடுப்பு நாடாக்களில் ஒன்றைக் காணவில்லை. முதுகில் எலாஸ்டிக் நூல் போட்டுச் சுருக்கிய பகுதி தொய்ந்துவிட்டது. லேஸைக் கையாலேயே தைத்துவிடலாம். நாடாவை உள்பக்கத் துணியிலிருந்து எடுக்க முடியாது, வேறு துணிதான். ஆனால் இருக்கிற ஒன்றையும் கழற்றிவிட்டு இரண்டையும் ஒரே கறுப்பு வெல்வெட்டில் போட்டால் வேண்டுமென்றே போட்டது போல நிற்கும். முதுகு எலாஸ்டிக்குக்குத்தான் பொறுமை வேண்டும். பழைய வரிகளை ஒன்றொன்றாகப் பிரித்து எடு. புதிய எலாஸ்டிக் நூலை பாபினில் கையால் சுற்று, இழுக்காமல் சுற்று. மேலே சாதாரண நூல், தையல் நீளம் பெரிதாக. முதல் வரி சுருங்காதது போலத்தான் தெரியும், பதறாதே. நாலைந்து வரி ஓட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஆவியை மேலே தூக்கிப் பிடித்துக் காட்டு, அப்போது அது தானாகவே இறுகும். பட்டியாகத் தைத்து அதற்குள் நாடா எலாஸ்டிக் கோத்திருந்தால் இன்னும் சுலபம், ஊக்கில் மாட்டி மாற்றிவிடலாம். அது எந்த வகை என்பது படத்தில் தெரியவில்லை.

பின்கழுத்தில் இருக்கும் மஞ்சள் கறையைக் கடைக்காரர் சீட்டில் எழுதியே வைத்திருக்கிறார். இந்த நாணயத்தை நம் ஊர்த் தள்ளுபடிக் கடைகள் கற்றுக்கொள்ளலாம். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் வகைச் சலவைத் தூளை 40 டிகிரி வெந்நீரில் கரைத்து, ஓரத்தில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் முக்கு. குளோரின் வகை வேண்டாம், அச்சைத் தின்றுவிடும். உலோகப் பட்டன் இருந்தால் முதலில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்.

இளஞ்சிவப்புக் கவுனுக்கு ஏ தரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மிகா அவ்வளவு ஆசைப்படுகிறாள். கறை இல்லை, கிழியவில்லை, கூட வந்த ஊசிப் பூக்கள் எல்லாம் இருக்கின்றன, அதற்கு அந்தத் தரம் சரிதான். ஆனால் அது பாலியெஸ்டர் ஷிஃபான். மூன்றாவது படத்தில் அக்குளுக்குக் கீழே பார்: தையலோரத்தில் இழைகள் விலகிச் சின்னச் சின்னப் பல் போல வெளிச்சம் தெரிகிறது. முன்பு உடுத்தியவருக்கு அது இறுக்கமாக இருந்திருக்கிறது, ஷிஃபான் அந்த இழுப்பைத் தாங்கவில்லை. பருத்தியில் தையல் விட்டால் தைக்கலாம். இழை நகர்ந்த ஷிஃபானில் எங்கே ஊசி குத்தினாலும் அடுத்த இழை நகரும். சீட்டில் அளவு 9 என்று இருக்கிறது, அதாவது 83 சென்டிமீட்டர் மார்பளவுக்குத் தைத்தது, நம் கணக்கில் முப்பத்திரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உனக்கு இன்னும் ஒன்றரை அங்குலம் வேண்டும். நாம் ரவிக்கையில் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பது போல ரெடிமேடில் விடமாட்டார்கள். ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், முதுகில் எலாஸ்டிக்கும் இல்லை. பிரித்துப் பெரிதாக்க அதில் துணியே கிடையாது. அந்த விலைக்கு பழுப்பு மாதிரி மூன்று வாங்கலாம்.

மிகாவின் கண்ணை நான் குறைவாகச் சொல்லவில்லை. நூறு யென் கடையில் வாங்கிய கிளிப்புகளை நெற்றியிலிருந்து காது வரை அடுக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தபோது முதலில் திகைத்தேன், பிறகு பார்த்தால் ஒரு நிறம்கூட இடம் மாறி இல்லை. அவள் விரும்பும் ஃபெயரி கெய் என்ற பாணியே 80-களின் பழைய சட்டைகளையும் பொம்மைகளையும் விற்ற ஸ்பாங்க் என்ற சிறு கடையைச் சுற்றித்தான் வளர்ந்தது என்று சொன்னாள். அந்த வகையில் உன்னைவிட அவள்தான் பழைய துணிக்கு உரியவள். நிறம் தேர்வதை அவளிடம் விடு. போட்டுப் பார்க்கும்போது முதுகை அவள் பார்க்கட்டும், கண்ணாடி முதுகைச் சரியாகக் காட்டாது. ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பது போல இரண்டு கையையும் தூக்கு, ஒரு தடவை உட்கார்ந்து எழு. அக்குளும் இடுப்பும் எங்கே இழுக்கின்றன என்று அவள் சொல்லட்டும்.

செயற்கைத் தோல் செருப்பும் பையும் மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் பழையதில் வாங்காதே. ஜப்பானின் ஈரக் காற்றில் அந்தப் பாலியூரித்தேன் பூச்சு அலமாரியில் இருந்தபடியே மக்கும், போட்டுக்கொண்டு வெளியே வந்த அன்று சோளக்கதிரில் தோல் உரிவது போல உரியும். அவை எங்கே வாங்கினாலும் புதிதாக வாங்கிக்கொள்.

லேஸ் வாங்க மிகாவை அழைத்துக்கொண்டு நிப்போரித் துணிக்கடைத் தெருவுக்குப் போ. நைலான் லேஸ் பளபளக்கும், கழுத்தை அறுக்கும். பருத்தி நூலில் முறுக்கிப் பின்னியது மங்கலாக, கையில் கனமாக இருக்கும், அதைக் கேள். பழையதிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டிக் கொண்டு போனால் அகலம் தப்பாது, நிறமும் வெள்ளையா தந்தமா என்ற சண்டை வராது.

கவுன் கைக்கு வந்ததும் முதுகு எலாஸ்டிக் பகுதியின் அகலத்தை இழுக்காமல் ஒரு தடவையும் முழுக்க இழுத்து ஒரு தடவையும் அளந்து, எத்தனை வரி ஓடியிருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பு. கூடவே உன் மார்பளவு, இடுப்பளவு, தோளிலிருந்து இடுப்பு வரை நீளம். டேப்பை மிகா பிடிக்கட்டும், நீயே எடுத்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் எடுப்பாய்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா