நோயாளர் எண்ணிக்கையுடன் சனத்தொகையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை தொடங்கிவிட்டால் தங்கள் பத்திரிகையில் மாவட்ட வாரியான டெங்குப் பட்டியல் வரத் தொடங்கும். பெரும்பாலும் கொழும்பு முதலிடத்தில் இருக்கும். திருகோணமலை எங்கோ கீழே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் பரவாயில்லை" என்று சொல்பவர்களைப் பஸ்ஸிலும் சந்தையிலும் அடிக்கடி காண்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த நிம்மதிதான் கவலை தருகிறது.

2012 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். திருகோணமலையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். ஒரு வாரத்தில் அங்கே 600 நோயாளர், இங்கே 150 நோயாளர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பட்டியலில் கொழும்பு நான்கு மடங்கு உயரத்தில் நிற்கும். ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் கொழும்புக்கு 26, நமக்கு 39க்கும் மேல். அந்த வாரம் நோய் வரும் சாத்தியம் இங்கே வாழ்பவருக்குத்தான் ஒன்றரை மடங்கு. வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதை யாரும் அச்சிடுவதில்லை.

நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவட்ட மொத்தம் என்ற ஓர் எண்ணுக்குள் அப்படியொரு ஊர் மறைந்துபோகும். அதனால் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியான எண்களே நமக்கு வேண்டும்.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் நோயாளர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் உண்டு. எத்தனை வீதமான பிரிவுகள் தம் அறிக்கையை உரிய நேரத்துக்கு அனுப்பின, எத்தனை வீதமானவை தாமதமாகவேனும் அனுப்பி முடித்தன என்று அவை சொல்கின்றன. செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் எண் திடீரென்று குறைந்தால் நோய் குறைந்திருக்கலாம். அறிக்கை வராமலும் இருந்திருக்கலாம். தனியார் வைத்தியரிடம் மருந்தெடுத்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துக் குணமானவர் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போவதுண்டு. இலேசாக வந்தவர்கள் விடுபட்டு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் எண்ணப்பட்டால், நோயாளரில் இறந்தோர் வீதம் உள்ளதைவிடப் பயங்கரமாகத் தெரியும்.

வகுக்கும் எண்ணான சனத்தொகையே கையில் இல்லாத காலமும் நமக்கு இருந்தது. 1981க்குப் பிறகு நாடு தழுவிய கணக்கெடுப்பு நம் மாவட்டத்தில் முழுமையாக நடந்தது 2012இல்தான். 2001இல் யுத்தச் சூழலால் அது முற்றுப்பெறவில்லை. இடம்பெயர்ந்தவர், திரும்பியவர், கடல் கடந்தவர் எவரையும் சரியாக அறியாமல் முப்பத்தொரு வருடம் மதிப்பீட்டை வைத்தே வீதம் கணித்தோம். அந்தக் காலத்து இறப்பு வீதங்களை இன்றைய வீதங்களுடன் பக்கத்தில் வைத்து "முன்னேற்றம்" என்று எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இறப்புப் பதிவிலும் இதே கவனம் தேவை. இறப்பு, வழக்கமாக நிகழ்ந்த இடத்தில் பதியப்படுகிறது. மூதூரில் நோயுற்றுக் கண்டியிலோ கொழும்பிலோ பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தவர், வதிவிடத்தைப் பார்த்துப் பிரிக்காவிட்டால் அந்த மாவட்டக் கணக்கில் சேர்ந்துவிடுவார். இதனால் பெரிய ஆஸ்பத்திரி உள்ள மாவட்டத்தில் இறப்பு மிகையாகவும், இங்கே குறைவாகவும் தெரியும். போதாக்குறைக்கு நம் மாவட்டத்தில் இளவயதினர் அதிகம். யாழ்ப்பாணத்தில் முதியோர் அதிகம். வயதைப் பாராமல் ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்று ஒப்பிட்டு, யாழ்ப்பாணத்தைவிட நமக்கு ஆரோக்கியம் மேல் என்று முடிவுகட்டுவது தவறு.

நம் மாவட்டத்துப் பதவிசிறிபுரவின் சிறுநீரக நோயைப் பற்றி எழுதும்போது, அந்த ஆண்டு புதிதாக இனங்காணப்பட்டோர் எத்தனை, ஏற்கெனவே நோயுடன் வாழ்வோர் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். இரத்தச் சுத்திகரிப்பால் பலர் கூடுதல் காலம் வாழ்ந்தால் இரண்டாவது எண் உயரும். அது சிகிச்சையின் பலன். நோய் பரவுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

சிறிய பிரிவுகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆண்டுக்கு 200 குழந்தைகள் உயிருடன் பிறக்கும் ஓர் இடத்தில் ஒரு சிசு இறந்தால் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 5. அடுத்த ஆண்டு மூன்று சிசுக்கள் இறந்தால் 15. "மும்மடங்கு" என்று தலைப்பிட்டால், வீடு வீடாகப் போகும் குடும்ப நல உத்தியோகத்தரின் மேல்தான் பழி விழும். ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். ஆனாலும் அந்த மூன்று இறப்புகளில் ஒவ்வொன்றையும் ஏன் நிகழ்ந்தது என்று விசாரித்தே ஆக வேண்டும். சராசரியைக் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எனவே அடுத்த மாரிக்கு முன் பட்டியலின் வடிவத்தை மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கைக்கு அடுத்து ஒரு இலட்சம் பேருக்கான வீதம், எந்த ஆண்டுச் சனத்தொகையால் வகுக்கப்பட்டது என்ற குறிப்பு, அறிக்கை அனுப்பிய பிரிவுகளின் வீதம் ஆகியவை இருந்தால் போதும். திருகோணமலைப் பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று பிரிவு வாரியாகக் கிடைக்கும் வாரங்களில் அதையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்திலாவது ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
உவர்மலை, திருகோணமலை.