பாலம் இல்லை என்பதை ஆற்றங்கரையில் சொல்லாதீர்கள்

உயர்மலைப் பாதைகளுக்கு அனுமதி வழங்கும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கணவாய்க்குக் கீழே இருந்த தொங்குபாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதும், அதன் பிறகும் அந்தப் பாதைக்கு அனுமதிச் சீட்டுகள் தடையின்றி வழங்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. எங்களில் பலர் அனுப்பிய மின்னஞ்சல்கள் தங்களிடம் இருப்பதால் முழுக் கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு பாதையின் நிலையையும், தேதியிட்டு, அனுமதிச் சீட்டுக்குப் பணம் வாங்குவதற்கு முன்பாகவே வெளியிடுங்கள்.

பாலம் போனது பற்றி அறிவிப்பு வைக்கப்பட்டிருந்ததாகத் தங்கள் பதிலில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மைதான், அறிவிப்பு இருந்தது. அறுந்த கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்த தூணிலேயே, பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய ஒரு தாளாக அது கட்டப்பட்டிருந்தது. உறைக்குள் மழைநீர் புகுந்து மை கரைந்திருந்தாலும் ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற சொற்களைப் படிக்க முடிந்தது. எப்போதிலிருந்து மூடப்பட்டுள்ளது, எப்போது திறக்கும், மாற்று வழி எது என்பவை அழிந்துபோகவில்லை. அவை எழுதப்படவே இல்லை. பாலம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த இடத்தில் நிற்பவருக்குத் தாள் எதற்கு? அந்தச் செய்தி தேவைப்பட்டது மலையடிவாரத்தில். அதற்கும் முன்பு, தங்கள் தளத்தில் பயணத் தேதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது.

வழிகாட்டியோ சுமைதூக்குபவரோ இல்லாமல் மலையில் பல நாள் நடப்பவருக்கு வரைபடமும் தாங்கள் தரும் தகவலும்தான் துணை. ஒரு நாளில் எவ்வளவு ஏறலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும், கணவாயை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும், வானிலை கெட்டால் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கித் தப்பலாம் என்பதையெல்லாம் அவரே முன்கூட்டித் தீர்மானித்தாக வேண்டும். உணவும் எரிபொருளும் நாள் கணக்கில்தான் முதுகில் ஏறுகின்றன. தங்குமிடங்களின் முன்பதிவும் அனுமதிச் சீட்டின் கடைசித் தேதியும் அதே கணக்கில்தான் நிற்கின்றன. நடுவில் ஒரு கட்டம் இல்லையென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் சரிகின்றன.

இதில் தூரத்தைவிட ஏற்றமே பெரிது. ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று ஸ்காட்லாந்தின் வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த கணக்கை மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பாரமும் மெல்லிய காற்றும் சேர்ந்தால் அந்த நேரமும் போதாது. தங்கள் தளத்தில் கிலோமீட்டர் மட்டுமே இருக்கிறது. ஏற்றம் எவ்வளவு என்ற விவரம் ஓரிடத்திலும் இல்லை.

உடைந்த பாலத்தருகே சிக்னல் இல்லை. பின்னால் இருந்த மேட்டின் மீது ஏறித் தங்கள் உதவி எண்ணை அழைத்தபோது, ‘மேல்கணவாய் வழியாகப் போய்விடுங்கள், ஒரே நாள்தான்’ என்று பதில் கிடைத்தது. அந்த ஒரே நாள் எங்கள் உறங்கும் உயரத்தை, அதாவது இரவு தங்கும் இடத்தின் உயரத்தை, ஏறக்குறைய 900 மீட்டர் கூட்டியிருக்கும். 2,500 மீட்டருக்கு மேல் உயர்மலை நோய் யாருக்கும் வரலாம். இளமையும் உடற்பயிற்சியும் அதைத் தடுப்பதில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பதும் மலை மருத்துவர்களின் பரிந்துரை. அனுமதிச் சீட்டோடு தாங்கள் தரும் கையேட்டில் இது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தலைவலியோடும் குமட்டலோடும் தொடங்குவதைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால், நுரையீரலில் நீர் கோத்தோ மூளை வீங்கியோ உயிர் போகலாம் என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் உள்ளது. கையேட்டை எழுதியவரும் தொலைபேசியை எடுத்தவரும் ஒரே அலுவலகத்தில்தான் பணிபுரிகிறார்கள் என்று நம்புகிறோம். அவர்கள் இருவரும் ஒருமுறை சந்தித்துக்கொள்ளத் தாங்கள் ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும்.

நாங்கள் மேல்கணவாய்க்குப் போகவில்லை. வந்த வழியே இறங்கினோம். வேறு சிலர் கரையிலேயே கூடாரம் அடித்து, விடியலில் ஆற்றுக்குள் இறங்கிக் கடந்தார்கள். பனி உருகி வரும் ஆறு பகலின் வெயிலால் பிற்பகலில் பெருகும், இரவுக் குளிரில் வடிந்து அதிகாலையில் குறைவாக ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒருவர் பிற்பகலில் இறங்கியிருந்தால், இந்த மடலை வேறு யாரோ, வேறு தொனியில் எழுதியிருப்பார்கள்.

‘வழிகாட்டியோடு போயிருக்கலாமே’ என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். 2023 ஏப்ரல் முதல் நேபாளம் வெளிநாட்டு மலையேற்றப் பயணிகளுக்கு வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. அத்தகைய விதிக்கு நியாயங்கள் இருக்கலாம், அது தனி விவாதம். ஆனால் அறுந்த பாலத்தின் மீது வழிகாட்டியாலும் நடக்க முடியாது. அவருக்கும் தேதியிட்ட தகவல் வேண்டும். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாக நடக்கும் நேரமே எழுதப்பட்டிருக்கும். சாதாரணப் பாதை, கரடுமுரடான மலைப்பாதை, பனியும் பாறையும் கலந்த ஆல்பைன் பாதை ஆகியவை வெவ்வேறு வண்ணக் குறிகளால் பிரித்துக் காட்டப்படும். நடப்பவர் தாமே முடிவெடுப்பார் என்று மதித்துச் செய்த ஏற்பாடு அது.

தங்கள் தளத்தில் எதுவுமே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ட்ரோனில் எடுத்த காணொளி அழகாக ஓடுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் எழுப்பிய வரவேற்பு வளைவின் படம் முகப்பிலேயே இருக்கிறது. அதில் விளக்குகள் கூட எரிகின்றன. கட்டணம் செலுத்தும் பக்கம் ஒரு நொடியும் தடங்கியதில்லை. ‘பாதை நிலவரம்’ என்ற இணைப்பை அழுத்தினால் மட்டும் ‘விரைவில்’ என்று வருகிறது. எங்கள் நினைவுக்கு எட்டியவரை அது விரைவிலேயே இருக்கிறது.

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்தருள்க. பாதைகளைப் பராமரிக்கும் களப்பணியாளர்கள் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. பாலம் போன செய்தியை அவர்கள் உடனே மேலிடத்துக்குத் தெரிவித்ததாகவும் கேள்விப்படுகிறோம். அந்தச் செய்தி அங்கிருந்து எங்களை வந்தடைய ஒரு வழி வேண்டும், அவ்வளவே. ஒரு பாதைக்கு ஒரு பக்கம் போதும். பாலங்களும் கணவாய்களும் திறந்திருக்கின்றனவா, கட்டம் கட்டமாக ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு, தண்ணீர் எங்கே, கூடாரம் அடிக்க எங்கே அனுமதி, இறங்கித் தப்பும் வழி எது, இவற்றைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி எது என்பவை அதில் இருக்கட்டும். பாதை மூடியிருக்கும்போது கட்டணப் பக்கமும் மூடியிருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கான அனுமதிச் சீட்டு விற்பனை தொடங்குவதற்கு முன்பாக இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செய்ய இயலாதென்றால், அதையாவது தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வழிகாட்டி இல்லாமல் மலை நடப்பவர்கள் சார்பில் ஒருவர்