சோல்டர் வைப்பதும் கைப்பழக்கம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஆசிய நாடுகள் இலத்திரனியல் ஏற்றுமதியால் தலைநிமிர்ந்த கதையை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். கல்லடியில் முப்பது வருடமாக வானொலி, தொலைக்காட்சி திருத்துகிறவன் நான். அந்த நாடுகளின் பெயர்கள் எனக்கு இலத்திரனியல் சில்லுகளின் (சிப்) முதுகில்தான் பழக்கம். உருப்பெருக்கியை வைத்தால் மலேசியா, தாய்வான், பிலிப்பைன்ஸ் என்று பொடி எழுத்தில் தெரியும்.

1997 ஆசிய நிதி நெருக்கடியில் விழுந்த தென்கொரியாவும் மலேசியாவும் 1999இல் எழுந்ததில் சில்லு ஏற்றுமதிக்குப் பெரும் பங்கு உண்டு, சரி. 2001இல் அமெரிக்கத் தொழில்நுட்பச் சந்தை சரிந்தபோது தாய்வானும் சிங்கப்பூரும் சறுக்கியதைக் கட்டுரையாளர் ஏனோ தொடவில்லை. அதையும் விட்டுவிடலாம். கட்டுரை முழுக்க டொலர் கணக்கு இருக்கிறது, வேலை செய்த கைகளைத்தான் காணவில்லை.

மலேசியாவின் பினாங்கில், சில்லு செய்யும் அமெரிக்கக் கம்பனியான இன்டெலின் ஆலை வந்தது 1972இல். அங்குள்ள சுதந்திர வர்த்தக வலயத்து ஆலைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள். 1989இல் மாநில அரசும் கம்பனிகளும் பல்கலைக்கழகமும் கூடி அங்கே ஒரு திறன் மேம்பாட்டு நிலையத்தைத் தொடங்கின. ஆலையில் ஓடும் இயந்திரங்களைக் கொண்டே அங்கே பழக்கினார்கள்.

நாமும் 1978இலேயே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தவர்கள்தாம். அமெரிக்க இலத்திரனியல் கம்பனிகளான மோட்டரோலாவும் ஹரிஸும் இலங்கையில் ஆலை போட இருந்தன. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவை வரவில்லை. அந்த ஆடி மாதத்தைப் பற்றி இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனுக்குக் கைவிரித்த பிறகு, இலத்திரனியல்தான் வழி என்று மேடைக்கு மேடை கேட்கிறது.

போன வருடம் ஒரு தம்பி பயிற்சிச் சான்றிதழோடு என் கடைக்கு வந்தான். ஓமின் விதி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கைத்தொலைபேசியின் மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கொடுத்தேன். அரிசி நொய்யை விடச் சிறிய மின்தடையைச் சாவணத்தால் பிடிக்கவே கை நடுங்கியது. சோல்டரை உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்ததில் செப்புத் தடமே பலகையை விட்டு உரிந்து வந்துவிட்டது.

“இதைப் பழக்கவில்லையா தம்பி?” என்றேன்.

“படத்தில் காட்டினார்கள் அண்ணன்” என்றான்.

பையனில் பிழையில்லை. என் மேசையில் நான்கு மாதம் இருந்தான், கை படிந்துவிட்டது. இப்போது கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்காகக் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஏற்றுமதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பயிற்சி நிலையங்களின் மேசைகளை ஒருமுறை வந்து பார்க்கட்டும். புதுக் கட்டடமும் திறப்பு விழாவும் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு சூட்டுக்கோல், இரண்டு பேருக்கு ஒரு உருப்பெருக்கி, கெடுத்துப் பழகப் போதுமான பழைய பலகைகள் இருந்தால் தொடங்கிவிடலாம். பலகைகள் என்னிடமே இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. எந்த நிலையம் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். ஏற்றிப்போக மட்டும் ஆள் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வானொலி திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.