வியன்னா வழியாக வந்த அம்மைப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வந்த பெரியம்மைத் தடுப்புக் கட்டுரை, 'ஜென்னர் கண்டுபிடித்தார். ஆங்கிலேயர் லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தனர்' என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. முதல் பாதி சரி. 1796 மே 14-இல் சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு ஏற்றினார் ஆங்கில மருத்துவர் ஜென்னர். இந்தக் கொப்புளத்து நீரைத்தான் அம்மைப்பால் என்பார்கள்.

இரண்டாம் பாதிதான் தவறு. ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதக்கணக்காகும். நூலில் தோய்த்துக் காயவைத்த அம்மைப்பால் அந்த வெக்கையில் வீரியம் இழந்துவிடும். எஃகுக் கத்தியின் நுனியில் தடவி அனுப்பினாலோ கத்தி துருப்பிடித்துப் பாலையும் கெடுத்துவிடும். லண்டனிலிருந்து அனுப்பியதெல்லாம் வீணாயிற்று.

வழி கண்டவர் வியன்னாவில் தொழில் செய்த ஜெனீவாக்காரர், மருத்துவர் ழான் தெ காரோ. 1799-இல் தன் பிள்ளைகளுக்கே குத்திப் பார்த்தவர். இந்தியாவுக்கு அவர் அனுப்பிய பால் இங்கிலாந்து மாட்டினுடையதுகூட அல்ல. மிலன் மருத்துவர் சாக்கோ, இத்தாலியின் லம்பார்டிப் பகுதி மாடுகளில் எடுத்த வழியில் வந்தது. அவர் கட்டிய பொட்டலத்தைப் பாருங்கள்: இரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒன்றில் சிறு குழிவு. குழிவில் பால் ஊறிய துணிப்பஞ்சு. மேலே மற்றதை வைத்து மூடி, மெழுகுவர்த்தி செய்பவரிடம் கொடுத்து, உருகிய மெழுகில் மீண்டும் மீண்டும் முக்கி உருண்டையாக்கினார். அதைக் காகிதச் சீவல் நிரப்பிய பெட்டியில் வைத்தார். காற்றும் புகாது, வெளிச்சமும் படாது. கான்ஸ்டான்டினோபிள் கடந்து பாக்தாத்தில் உடைத்தபோது உள்ளே ஈரம் காயவில்லை!

அங்கிருந்து பஸ்ரா, பிறகு பம்பாய். 1802 ஜூன் 14-இல் மூன்று வயது அன்னா டஸ்தால் கையில் குத்தியது பலித்தது. அந்தக் குழந்தையின் கொப்புளத்திலிருந்து அடுத்த வாரம் ஐந்து குழந்தைகளுக்கு. சென்னைக்கும் அதே ஆண்டிலேயே வந்துவிட்டது.

கைக்குக் கை மாற்றுவதில் நாள் கணக்கு முக்கியம். எட்டாம் நாள் வாக்கில் கொப்புளத்து நீர் தெளிவாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். பிந்தினால் சீழாகிவிடும், அதைக் குத்தினால் கை வீங்கிப் புண்ணாகும், ஆனால் காப்பு வராது. குத்தியவருக்கும் கெட்ட பெயர். ஒரு வாரம் பிள்ளைகள் கிடைக்காமல் சங்கிலி அறுந்தால் ஊருக்கே பால் இல்லை. அம்மை முத்தைக் கிள்ளக் கூடாது என்று வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிற நம் பக்கத்தில், எட்டாம் நாள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து அந்த முத்தையே கீறக் கொடு என்றால் எந்தத் தாய் கொடுப்பாள்? கன்றுக்குட்டியில் பால் வளர்க்கும் முறை வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் தொடங்கியதே அதற்காகத்தான்.

இன்னொன்று. கட்டுரையோடு ஓர் இளைஞரின் கைத் தழும்பைப் படமாகப் போட்டிருந்தீர்கள். அது காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தழும்பு. உலகிலேயே பெரியம்மை ஒழிந்ததென்று 1980 மே மாதம் அறிவித்தாயிற்று. இளைஞருக்கு அம்மை குத்தியிருக்க வாய்ப்பில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த வீட்டு வளவிலும் எழுபது வயது ஆச்சி ஒருவரின் கையைப் பாருங்கள். காசு அகலத்தில், பள்ளமாக, விளிம்பு வரை கோடு ஓடிய தழும்பு இருக்கும். அந்தப் படத்தைப் போட்டிருக்கலாம்.

— வாசகர், காரைக்குடி