தொழிற்சாலை வருகிறது, வடிவமைப்பும் வருகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலீட்டுச் செய்தி என்றால் எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு எண்களோடு நம் நாளிதழ்கள் நின்றுவிடுகின்றன. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோதும் அப்படித்தான் படித்தோம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். ஒரு நியமனக் கடிதம் ஒரு குடும்பத்தை எப்படித் தலைநிமிர வைக்கும் என்று அறிவேன். ஆனாலும், அந்த நிறுவனம் நாளை கதவை மூடினால் இங்கே என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லையே என்ற கவலை எனக்கு உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை மறந்துவிட முடியுமா? 2006-இல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே கைபேசிகளைப் பூட்டினார்கள். உதிரிபாகம் தந்த முக்கிய நிறுவனங்கள் பலவும் நோக்கியாவோடு சேர்ந்தே வெளிநாட்டிலிருந்து வந்தவை. வரித் தகராறும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து, 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அத்தனை ஆண்டு உற்பத்திக்குப் பிறகும், சொந்தமாக ஒரு கைபேசியை வடிவமைத்து விற்கும் தமிழக நிறுவனம் எதுவும் அதிலிருந்து எழவில்லை.

எங்கள் ஒசூரில் நடந்தது வேறு. 1980-களில் டிவிஎஸ் நிறுவனம் ஜப்பானின் சுசூகியோடு கூட்டுச் சேர்ந்து மோட்டார் சைக்கிள் தயாரித்தது. 2001-இல் கூட்டு முறிந்தது. அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பில் 'விக்டர்' வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டு இருந்தபோதே சோதனைக்கூடம், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூம், வடிவமைப்புப் பிரிவு ஆகியவற்றில் பணத்தைப் போட்டிருந்ததால்தான் அது முடிந்தது. அடுத்த ஆண்டு தரத்துக்கான டெமிங் பரிசு கிடைத்தது. 2013-இல் பிஎம்டபிள்யூ அவர்களோடு கைகோத்தது. பிஎம்டபிள்யூவின் 'ஜி 310' வண்டிகள் ஒசூரில் தயாரானதை ஊரே பெருமையாகப் பேசியது. வெளியார் கொண்டுவரும் நுட்பத்தை வாங்கிக்கொள்ள இங்கே ஆயத்தமான கைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆலைச் சுவரைத் தாண்டாது.

முழுக்க அந்நிய நிறுவனமாக இருந்தாலும் வழி உண்டு. 2015-இல் வந்த ரெனோ 'குவிட்' காரை உருவாக்குவதில் சென்னைப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. உதிரிபாகங்களில் 98 விழுக்காடு உள்நாட்டிலேயே வாங்கப்படுவதாக நிறுவனம் அறிவித்தது. வரைபடத்தைப் படித்து, பாகத்துக்கு வடிவம் தரும் அச்சான டையைச் செய்து, மாதிரி கொடுத்து, தரச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி செய்யும்போதுதான் ஒரு சிறு பட்டறை கற்றுக்கொள்கிறது. பெட்டியில் வந்திறங்கும் பாகங்களைப் பூட்டுவதில் அந்தப் படிப்பு கிடைக்காது.

தென் கொரியாவைப் பாருங்கள். ஹுண்டாய் 1975-இல் தன் முதல் சொந்தக் காரான 'போனி'யை மிட்சுபிஷியின் எஞ்சினைக் கொண்டுதான் தயாரித்தது. 1991-இல் சொந்த எஞ்சினை உருவாக்கிவிட்டது. 1996-இல் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைக்கு முதலீட்டாளராகவே வந்தது. கொரியா இன்று தன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இந்தியா செலவிடுவது 0.64 விழுக்காடு. இந்த இடைவெளியை எந்த அந்நிய முதலீடும் நமக்காக நிரப்பித் தராது.

ஆகவே அரசுக்கு என் கோரிக்கை இது. நிலமும் மானியமும் பெறும் ஒவ்வொரு பெரிய நிறுவனமும் அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒசூர் போன்ற இடங்களின் சிறு தொழில்களிடம் எவ்வளவு கொள்முதல் செய்கிறது, எத்தனை பேரை இங்கேயே வடிவமைப்புப் பணியில் வைத்திருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வைக்க வேண்டும். மானியத்தின் ஒரு பகுதியை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும். தங்கள் இதழும் அடுத்த ஒப்பந்தச் செய்தியில் இந்த இரண்டு விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
ஒசூர்.