ஷட்டரை இறக்கும் முன் ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் 1988இல் ஒரே ஒரு லேத்தோடு தொடங்கிய எங்கள் பட்டறையை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறோம். வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லாத இடம் அது. வேகம் கூட்ட, யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்குப் போர்ட் வேலை (சிலிண்டர் சுவரில் உள்ள ஜன்னல்களை அகலப்படுத்துவது), மாருதி 800க்கும் ஜிப்சிக்கும் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) என்று டீக்கடையில் வழி விசாரித்துக்கொண்டே வந்தீர்கள். 35 வருடத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

ஏன் மூடுகிறாய் என்று பலர் கேட்கிறீர்கள். ஆர்எக்ஸ் 100 வருவது 1996இலேயே நின்றுபோனது. நல்ல பழைய சிலிண்டர் கிடைப்பதே இப்போது அபூர்வம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான் வேலை என்று உறுதியாக நின்றோம். அடுத்த வருடம் ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்தது. புது இன்ஜின்களில் பாதி வேலை லேப்டாப்பில் நடக்கிறது, எனக்கு அது தெரியாது. அப்புறம் என் கண். டயல் கேஜ் முள் இரண்டாகத் தெரியும்போது நான் அளந்த பாகத்தை நம்பி ஒரு பிள்ளை திராட்டிலை முழுக்கத் திருகுவதை என் மனசு ஒப்பவில்லை.

முதல் நன்றி அந்த லேத்தைக் கொடுத்தவருக்கு. ஹரிஹரில் செய்த பழைய மைசூர் கிர்லோஸ்கர் லேத் அது. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. "மாசாமாசம் முடிஞ்சதைக் குடுப்பா" என்றார். முழுக் கடனும் அடைய நாலு வருடம் ஆயிற்று. ஒரு தடவைகூட அவர் கடை வாசலுக்கு வந்து கேட்டதில்லை.

பக்கத்து டயர் கடை ஐயாவைப் பற்றி இதுவரை வெளியில் சொன்னதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது தமிழ்க் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் எங்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வந்த கும்பலிடம் கன்னடத்தில், "இது என் கடை" என்றார். என் மனைவியும் பிள்ளைகளும் இரண்டு இரவு அவர் வீட்டில்தான் தூங்கினார்கள். இன்று அவர் இல்லை. ஐயாவின் பிள்ளைகளே, உங்கள் அப்பா காப்பாற்றிய கடை இத்தனை வருடம் நடந்தது.

பீன்யாவில் எங்களுக்குக் கேம் அரைத்துக் கொடுத்த தர்மபுரித் தம்பிக்கும் நான் கடன்பட்டவன். பழைய கேமில் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூட்ட வேண்டுமென்றால், மூக்குக்கு எதிர்ப்புறம் உள்ள அடிவட்டத்தைக் குறைத்து அரைக்க வேண்டும். கேமின் மேல்தோல் மட்டும்தான் கெட்டி. அதைத் தாண்டிக் கல் இறங்கினால் கொஞ்ச நாளில் மூக்கு தேய்ந்து வால்வு திறக்காது. ஒருநாள் நான் அவசரப்படுத்த, அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "அண்ணா, கல் சத்தம் மாறுது. இதுக்கு மேல வேணாம்." நாலு கேமை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கூலியும் வேண்டாமென்றார். எங்கள் கேம் தேயாமல் நிற்கும் என்று ஊரில் பேர் வாங்கியது அந்தக் காதால்தான்.

ஆனால் நான் யாரைவிடவும் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது, உடைந்த பாகத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு. சும்மா தூக்கிப் போட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் போயிருப்பார்கள்.

ஸ்ரீராம்புரத்துப் பையன் ஒருவன் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் முடிந்த மறுநாள் காலையில், சிலிண்டரைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பிஸ்டன் ரிங் துண்டுதுண்டாகியிருந்தது. "அண்ணா, சண்டை போட வரல. என்னாச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க, போதும்." டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன், பிடித்தது. தப்பு என்னுடையது. 50 மில்லிமீட்டர் போரில் (சிலிண்டரின் உள்விட்டம்) போர்ட்டை 35க்கும் மேல் அகலப்படுத்தியிருந்தேன், விளிம்பைச் சாய்த்து மழுக்க மறந்திருந்தேன். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அந்த ரிங் நொடிக்கு 300 தடவைக்கு மேல் அந்த ஜன்னலைக் கடக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே பிதுங்கும். விளிம்பு கூராக இருந்தால் ஒருநாள் மாட்டத்தான் செய்யும்.

அவனுக்கு வேறு சிலிண்டர் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. வேலை முடிந்த சிலிண்டருக்குள் பஞ்சை விட்டு எல்லாப் போர்ட் விளிம்பிலும் தடவுவேன். ஒரு இழை சிக்கினாலும் திரும்ப அரம் எடுப்பேன். தம்பி, நீ அன்று பஸ் ஏறி வராமல் போயிருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு நான் அதையே செய்து கொடுத்திருப்பேனோ தெரியாது.

சோழவரம் விமான ஓடுதளத்தில் எங்கள் முதல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், கணக்கு நோட்டை ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதிய என் மனைவிக்கும் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் 25ஆம் தேதிக்குள் பணம் திரும்பி வரும். லேத் ஓசூரில் புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு பையனுக்குப் போகிறது, அவனும் மாசாமாசம் கொடுப்பான். கேம் வரைபடங்களை யார் கேட்டாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ரேக்கில் மூன்று ஆர்எக்ஸ் சிலிண்டர்கள் இன்னும் இருக்கின்றன. சாக்பீஸில் எழுதிய பெயர்கள் அழிந்துபோய்விட்டன. வேலை முடித்து, பஞ்சு விட்டுப் பார்த்து, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணி வரை இருப்பேன்.